நோன்புக் கஞ்சியும் விசிலடித்த வேனும்

நான் சொன்ன ஒரு சிறு பொய், முகம் அறியாத எத்தனை பேரின் நோன்பு வரை சென்று எட்டியது? அமெரிக்காவில், பிளானோ நகரில் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டின் ரமலானை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்முன் வந்து நிற்கிறது.

அந்த மாதம் முழுவதும் உம்மா மதியமே நோன்புக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். வாப்பா அலுவலகத்திலிருந்து முன்னதாகவே வந்து, எங்கள் பழைய வேனுக்குள் மின்அடுப்பின் மீது பானைகளை ஏற்றி, பள்ளிக்கூடத்திலிருந்து என்னையும் அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓட்டுவார். ஊரையும் வீட்டையும் விட்டுத் தனியே வந்து படித்த மாணவர்கள் பலருக்கு அதுவே நோன்பு திறக்கும் உணவு. ஆனால் நெரிசலில் வண்டி ஊர்ந்தால், அடுப்பு இழுக்கும் மின்சாரத்தில் பேட்டரி இறங்கிவிடும். ஒரு ஞாயிறன்று மாமா வந்து எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“மச்சான், ஸ்லோவா போறப்ப, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் சுத்துறது பத்தல. அதுல பெல்ட் ஓடுற சக்கரம் இருக்குல்ல, அந்தப் புல்லிய சின்னதா மாட்டுறேன், வேகமா சுத்தும். வண்டி நின்னாக்கூட சார்ஜ் ஏறும். பெல்ட் மட்டும் விசிலடிக்கும்.”

“அடிக்கட்டும் மாப்ள. கஞ்சி சூடா போய்ச் சேர்ந்தா போதும்.”

விசில் என் பள்ளிக்கூட வாசல்வரை வந்தது. மாணவர்களை ஏற்றிச்செல்லும் கார் வரிசையில் எங்கள் வேன் ஊர்ந்து வரும்போது, உள்ளே டீ கொதிக்கிறதா என்று கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான்காம் நாள் நான் வாப்பாவிடம் சொன்னேன்: “மை டீச்சர் கம்ப்ளெய்ன் பண்ணாங்க, வாப்பா. இட்ஸ் டூ லவுட்.”

டீச்சர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“அப்படியாம்மா? நம்மளால யாருக்கும் தொந்தரவு வேணாம்,” என்றவர் அன்றே பழைய புல்லியை மாட்டச் செய்தார்.

இரண்டு நாள் கழித்து, மழையில் டோல்வே நெடுஞ்சாலை முழுவதும் கார்கள் தேங்கி நின்றன. விளக்குகள் மங்கின, வேன் ஒருமுறை குலுங்கி அடங்கியது. மாமா வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. என் பள்ளித் தண்ணீர்ப் புட்டியில் மிச்சமிருந்த இரண்டு மிடறில் வாப்பா நோன்பு திறந்தார். பிறகு பள்ளிவாசலுக்கு போன் செய்தார்: “பசங்கள பேரீச்சம்பழத்தோட சமாளிச்சுக்கச் சொல்லுங்க பாய். தப்பு என்னோடதுதான்.”

பின்னிருக்கையில் பானைகள் ஆறிக்கொண்டிருந்தன. நான் காலிப் புட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு. வேன் சத்தத்துக்காக வாப்பா டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். எந்தச் சத்தம் என்று டீச்சர் வியந்தார். வாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. தாம்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, என் கணக்குப் பாடத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். பிடிபடாமல் தப்பிவிட்டதாகவே நான் நம்பினேன்.

மறுநாளே சின்னப் புல்லி திரும்ப ஏறியது. அன்றிலிருந்து வாப்பா வேனைப் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, வாசல்வரை நடந்தே வந்து என்னை அழைத்துப் போனார்.