பதினேழாம் நம்பருக்கு ஈர வாசல்

ரிட்டையர் ஆனதும் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எல்லோரோடும் சண்டைதான் வரும் என்று எனக்கே தெரியும். அதனால் மேற்குத் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, படப்பைப் பக்கம் ஒரு ஆமை மீட்பு மையத்துக்கு வேலை செய்யப் போனேன். சம்பளம் கிடையாது. சூட்கேஸில் அடுக்கி ஏர்போர்ட்டில் பிடிபட்ட நட்சத்திர ஆமைகள். தேற்றிக் காட்டில் விட வேண்டும்.

பேர் வைக்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, தீனியைப் புல்லுக்குள் தூவ வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தேடித் தின்னப் பழகுமாம். நான் ஆமைகளோடு பேசவே இல்லை. "என்கிட்டயும் அப்படி இருந்திருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் மண்ணில் எப்படிச் சாப்பாடு போடுவது? கூண்டுக்குள் கொஞ்சம் சிமென்ட் தரை இருந்தது. தினமும் காலையில் அதைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, செம்பருத்தியும் முருங்கைக்கீரையும் வைப்பேன். கோலம் மட்டும்தான் போடவில்லை. ஓட்டின் ஓரம் உடைந்த பதினேழாம் நம்பர்தான் எப்போதும் முதலில் வரும்.

மழை விட்டதும், முதுகில் இருக்குமிடம் காட்டும் ரேடியோ ஒட்டி, பதினேழையும் சேர்த்துப் பத்து ஆமைகளைப் புதர்க்காட்டில் விட்டோம். மூன்றை நாய் கடித்தது. இரண்டு சளி பிடித்துச் செத்துப்போயின. ஒன்றின் ரேடியோ மட்டும் கிடைத்தது. பதினேழுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு தடவை காட்டை ஒட்டிய குடியிருப்புக்குள் போய்விட்டது. வீட்டுக்கு ஆமை வந்தால் ஆகாது என்று ஊரே கூடிவிட்டது.

"இன்னொரு தடவை வந்துச்சுன்னா, காட்டுக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவேன். அப்புறம் கடைசி வரைக்கும் கூண்டுதான்" என்றார் வனத்துறை ரேஞ்சர். நான் வேண்டாத சாமி இல்லை.

ஒரே வாரத்தில் போன் வந்தது. விடிந்தும் விடியாமலும் ரேஞ்சரோடு போனேன். ஒரு வீட்டு வாசலில் வாளியும் கையுமாக நின்றிருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கத்தினார்: "இன்னா சார் இது, காலைல வாசல்ல வந்து நிக்குது! வூடு வெளங்குமா?"

அவர் அப்போதுதான் தெளித்திருந்த ஈரத்தின் நடுவில் பதினேழு கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. தெருவைப் பார்த்தேன். எல்லா வாசலும் ஈரம்.

"இதுக்கு அறிவே இல்லம்மா" என்றார் ரேஞ்சர்.

"அதுக்கு இருக்கு சார். எனக்குத்தான் இல்ல" என்று, கூண்டில் தினமும் தண்ணீர் தெளித்துத் தீனி வைத்ததை எல்லாம் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரேஞ்சர் ஃபாரத்தை எடுத்து எழுதினார்.

பதினேழு கூண்டுக்குத் திரும்பியது. நானும் திருந்திப் புல்லில் தூவினேன். அது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காய்ந்த சிமென்ட் தரையில் நின்று என்னையே பார்த்தது. நாலு நாள் பட்டினி. ஐந்தாம் நாள் வாளியை எடுத்தேன்.

மையத்து டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். "இது உங்களைவிட ரொம்ப வருஷம் இருக்கும்மா. அப்புறம் யாரு தெளிப்பாங்க?"

காதில் விழாத மாதிரி தெளித்தேன். பதினேழு வந்து சாப்பிட்டது.