கிருத்திகை விரதமும் சர்க்கரை மாத்திரையும்

ஆடிக் கிருத்திகையன்று அரியலூரிலிருந்து செட்டிகுளம் மலைக்கோயிலுக்குக் காரில் கிளம்பினோம். ஓட்டியது அப்பா. பக்கத்தில் நான், பின்சீட்டில் அர்ச்சனைக் கூடையோடு அம்மா. சாமி பார்க்கும்வரை அப்பா எதுவும் சாப்பிட மாட்டார்.

பெரம்பலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வழக்கமாக ஒவ்வொரு லாரிக்கும் அப்பாவிடம் ஒரு வசவு இருக்கும். அன்று பேச்சே இல்லை. முதலில் அதைத்தான் கவனித்தேன். அடுத்து, ஒரு லாரியை முந்தி வெகுதூரம் வந்த பிறகும் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவதாக, வேகத்தடையில் வேகத்தைக் குறைக்காமலே ஏற்றி இறக்கினார். அம்மாவின் கூடையிலிருந்து தேங்காய் உருண்டது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தபோதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது.

“அப்பா, காலையில மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். மாத்திரை என்ன சோறா? அதெல்லாம் விரதத்துல சேராது.”

வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை. முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் அவருக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அவரே மிட்டாயைத் தேடுவார். வயதும் நோயும் ஏற ஏற, உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டிருந்தது. நெற்றி காய்ந்தே இருந்தது. கார் மட்டும் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. எதிரே வந்த லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது.

“அப்பா, இடது! இடது!” ஸ்டியரிங்கை நானே பிடித்துத் திருப்பினேன். லாரி உரசுவதுபோல் கடந்தது.

“கைய எடு! எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றியா?”

எனக்காக நிறுத்த மாட்டார். “அம்மாவுக்கு மயக்கமா வருதாம்ப்பா. ஓரங்கட்டுங்க.”

அம்மா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “ஆமாங்க, தலைய சுத்துது. நிறுத்துங்க.”

அவர் கால் பிரேக்குக்குப் போனது. கார் சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. சாவியை உருவிக்கொண்டேன்.

கூடையில் வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரைப் பொட்டலமும் இருந்தன. அப்பா வாயை இறுக்கிக்கொண்டார். “அது சாமிக்கு வாங்குனது.”

சாமிக்கு வாங்கிய பூவை முகர்ந்துகூடப் பார்க்காத அம்மா பொட்டலத்தைக் கிழித்தார். “சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வாயத் தொறங்க.”

பிறகு பழம். அவர் பார்வை நிலைக்கும்வரை அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தார்.

“எதுக்கு நிக்கிறோம்?” என்றார் அப்பா.

“எதிர்ல லாரி வந்துச்சேப்பா.”

“எந்த லாரி?”

லாரியைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கொஞ்ச நேரத்தில் கையை நீட்டினார். “சரியாயிடுச்சு. குடு சாவிய.”

நான் கொடுக்கவில்லை. அம்மா இறங்கிச் சாலையோரம் நின்றார். “அவ ஓட்டுனா ஏறுறேன். இல்லன்னா பஸ்சுல போயிக்கிறேன்.”

“அவளுக்கு எட்டு போடச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டி!”

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அந்தப் பக்கம் போயி உக்காருங்க.”

“இனிமே எனக்குச் சாவியே கெடையாதா?” அதை என்னைப் பார்த்துக் கேட்டார்.

“டாக்டர் சொல்ற வரைக்கும் கெடையாதுப்பா. மொதல்ல பெரம்பலூர்ல சர்க்கரை பாத்துருவோம். கோயில் அப்புறம்.”

ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைத் திறந்து, காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார்.

நான் கிளப்பினேன். அவருடைய வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

“லாரி வருது, பாத்து,” என்றார்.

லாரி தூரத்தில்தான் இருந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.