மாப்பிள்ளை பிடித்த ஆடு

எனக்குப் பாறை ஏறுவதில் கிறுக்கு. திண்டுக்கல்லில் மின்சாமான் கடையில் வேலை. வாரம் முழுக்க ஒயரும் சுவிட்சும் விற்பேன், ஞாயிறு விடிந்தால் கூட்டாளிகளோடு சிறுமலை அடிவாரத்துப் பாறைகளுக்குப் போய்விடுவேன். எங்களில் ஒருவன் வடக்கே போய் மலையேற்றப் பயிற்சி முடித்து வந்தவன். கயிறும் இடுப்பு வாரும் அவனுடையவை. மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவன் ஏறுவான். விரல் நுனித் தோல் உரிந்து, சாப்பிடும்போது சாம்பார் பட்டால் எரியும். அந்த எரிச்சலைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அய்யலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண் எடுத்தேன். கல்யாணத்துக்கு வந்த கூட்டாளிகள் சும்மா இருக்காமல், மாப்பிள்ளை இமயமலைக்கே ஏறக்கூடியவர் என்று பந்தியில் உட்கார்ந்து அளந்துவிட்டுப் போனார்கள். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது.

அந்த வருடம் தலை ஆடி விருந்துக்கு அழைத்தார்கள். புது மாப்பிள்ளைக்கு வெட்டுவதற்கென்று மாமனார் சந்தையில் ஒரு கிடாய் வாங்கிக் கட்டியிருந்தார். விருந்தன்று காலையில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு, ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறிவிட்டது. வளைவு தாண்டி, கீழேயிருந்து பார்த்தால் தெரியாத ஒரு திட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தது. சொந்தபந்தமெல்லாம் பாறையடியில் கூடிவிட்டது.

பெரிய மச்சான் சிரித்தார். "நமக்கென்ன கவலை? மலையேறுற மாப்ள வீட்டுலயே இருக்காரு."

மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அது போதாதா எனக்கு? மாமியார் வீட்டுப் பட்டுக்கரை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். வளைவு தாண்டும்வரை வெகு ஜோர்.

ஆட்டுக்குக் கையெட்டும் தூரத்துக்குப் போனதும் அது என் தோளை உரசிக்கொண்டு ஒரு பிளவில் கால் வைத்துத் தாவி, உச்சிக்கே போய்விட்டது. அந்தப் பிளவில் என் கட்டைவிரல்கூட நுழையவில்லை. சரி, இறங்கிவிடலாம் என்று கீழே பார்த்தேன். பார்த்தது தப்பு. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். வலது கால் நடுங்க ஆரம்பித்தது. எங்கள் கூட்டத்தில் இதைத் தையல் மெஷின் என்போம். அடுத்தவனுக்கு ஓடும்போது விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு உறைத்தது, கயிறு இல்லாமல் என் வாழ்நாளில் ஒரு பாறைகூட ஏறியதில்லை என்று. பாறையோடு கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவும் வெட்கம், கூப்பிடாமல் இருக்கவும் பயம்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தலைக்கு மேலே மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"மாப்ள, சத்தம் போடாதீங்க. இத இடுப்புல கட்டிக்கங்க."

மாமனார். பின்பக்கச் சரிவு வழியாக உச்சிக்கு வந்து, அங்கிருந்த மரத்தில் தடித்த நார் வடம் ஒன்றின் முனையைச் சுற்றி, மறுமுனையை இறக்கிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டேன். அவர் இழுக்க இழுக்கப் பூனைக்குட்டி மாதிரி மேலே போய்ச் சேர்ந்தேன். என் முழங்காலில் ரத்தம் வருவதைத் தன் துண்டால் துடைத்தார். வடத்தைச் சுருட்டிப் புதருக்குள் தள்ளினார். மேய்ந்துகொண்டிருந்த கிடாயைப் பிடித்து, அதன் கழுத்துக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வாரேன்."

நடந்தேன். அதுதான் இன்றுவரை நெஞ்சை அரிக்கிறது. ஆட்டோடு நான் வருவதைக் கண்டு கீழே ஒரே ஆரவாரம். விருந்தில் ஈரலும் நல்லி எலும்பும் என் இலையில்தான் விழுந்தன. "ஆட்ட மாமாதான் புடிச்சாரு" என்று சொல்லிப் பார்த்தேன். "மாப்ளைக்கு என்ன அடக்கம் பாரு" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள். மாமனார் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாறை ஏறுவதை நான் விடவில்லை. சொந்தமாகக் கயிறு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் மனைவி வாசலுக்கு வந்து, "கயிறு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பாள். தண்ணீர் எடுத்தீங்களா, சாப்பாடு எடுத்தீங்களா என்று கேட்டதில்லை. இதென்ன நச்சரிப்பு என்று பல நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மாமனார் காலமானார். பதினாறாம் நாள் காரியத்தில் பெரிய மச்சான் மறுபடியும் அந்த ஆட்டுக் கதையை எடுத்தார். எங்க அப்பா சாகுற வரைக்கும் இந்த மாப்ளையச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போவாரு என்றார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "நீங்க மேல ஏறுன பிறகு அண்டாவுக்குத் தண்ணி எறைக்கப் போனேன். கெணத்துல வடத்தக் காணோம். சாயங்காலம் அப்பா புதர்லருந்து எடுத்துட்டு வந்தாரு. நீங்க அவுத்துப்போட்ட வேட்டியில இடுப்பு சுத்தித் தேங்கா நாரு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு மலைக்குப் போறத விட்டுருவீங்க. அது இல்லாம ஒங்களால இருக்க முடியாது."

அடுத்த ஞாயிறு வண்டியைக் கிளப்பினேன். வாசலுக்கு வந்தாள். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள். எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.