ஏழைப் பக்கமும் சாயாதே

என் கொழுந்தன் செல்வராசு மண்டை உடைந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில், நான் கர்த்தரிடம் இரண்டு காரியம் கேட்டேன். ஒன்று, அவன் உயிர். மற்றது, நான் வாய் திறக்காமலே தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது. முதலாவதைக் கொடுத்தார். இரண்டாவதைக் கொடுக்கவில்லை. அவர் கொடுக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அன்பானவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். அப்போது தெருவில் எல்லோரும் கூலிக்காரர்கள்தான். நிலமும், எங்கள் குடிசை நிற்கிற மனையும் மிராசுதாருடையவை. அவர் கும்பகோணத்தில் இருந்தார். ஊரில் அவருக்குப் பதிலாக எல்லாம் பார்த்தவர் காரியக்காரர். ஆட்சி மாறி, கூலிச் சட்டமும் வந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு அறுவடைக்கும் தகராறுதான். என் வீட்டுக்காரர் தாவீது, கூலிக்காரர் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர்.

கதிர் அடித்து நெல்லை அள்ளிய பிறகு களத்தைக் கூட்டினால் கொஞ்சம் நெல் கிடைக்கும். மண்ணும் பதருமாய் இருக்கும். அது கூலிக்காரர்களுக்கு. என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். அந்தத் தை மாசம், பொங்கல் கழிந்த மறுவாரம், அதையும் கொடுக்கக் கூடாது என்று மிராசுதார் சொல்லிவிட்டார்.

அன்று உச்சிவேளையில் செல்வராசு விளக்குமாறோடு களத்துக்குப் போனான். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. காரியக்காரர் வரப்பில் வேகமாக வந்தார். "யாரைக் கேட்டுடா கூட்டுறே? போடா வெளியே!" என்று கத்தினார். செல்வராசு கூட்டிய நெல்லை முறத்தில் அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். கீழே கிடந்த கயிறு காலில் மாட்டியது. கதிர் அடிக்கிற கல்லில் தலை மோத மல்லாக்க விழுந்தான். காரியக்காரர் அவனைத் தொடக்கூட இல்லை.

விழுந்த பிறகுதான் தொட்டார். எங்கள் தெருவுக்குள் காலே வைக்காத மனிதர், எங்கள் ஆளின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் சுற்றிக் கட்டினார். "ஏய் எஸ்தரு, பாத்துக்கிட்டு நிக்கிறியே, தலையைப் புடி!" என்றார். எங்கள் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு வருவது கேட்டதும் எழுந்து ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

வந்தவர்கள் கண்ணில் பட்டது ரத்தமும், அவருடைய துண்டும், அவர் ஓடுவதும்தான். "அடிச்சுப் போட்டுட்டு ஓடுறான்!" என்றார்கள். என் வீட்டுக்காரர் என்னை உலுக்கிக் கேட்டார். எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு எழும்பாது. சின்ன வயசிலிருந்தே அப்படி. நான் அழுதேன். அந்த அழுகையை எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அவர் அடித்தார் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். மிராசுதார் பக்கம், காரியக்காரர் அங்கே வரவே இல்லை, அந்தப் பையன் நெல் திருடி ஓடும்போது விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ரெண்டு பேருக்கும் சாட்சி நான்.

வீட்டுக்காரரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர், "ஒரு வார்த்தைதானே எஸ்தரு. கையை ஓங்கினாருன்னு சொல்லு, போதும். அந்தக் காரியக்காரன் உள்ள போனாத்தான் நம்மாளுங்களுக்கு விடிவு" என்றார்.

மறுநாள் காலை வாய்க்காலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கரையில் காரியக்காரர் வந்து நின்றார். முகமே பார்க்காமல் பேசினார். "நான் வரலைன்னு சொல்லிடு. மொதலாளி அப்படித்தான் சொல்லச் சொல்றாங்க. உன் மனைக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா குடிசையைப் பிரிச்சிடுவாங்க, என் கையில ஒண்ணும் இல்ல."

எங்கே போவேன்? வீட்டுக்குள் போனால் வீட்டுக்காரர். வெளியே வந்தால் தெரு. தெருவைத் தாண்டினால் நாலு பக்கமும் மிராசுதார் வயல். "ஆண்டவரே, செல்வராசு கண் விழிக்கட்டும், அவனே சொல்லட்டும், என்னை விட்டுவிடும்" என்றுதான் அடுப்படியிலும் வாய்க்காலிலும் ஜெபித்தேன்.

என் வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் எப்போதும் ஒன்று சொல்லுவார். வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் என்று எங்கள் வேதத்திலேயே கட்டளை இருக்கிறது என்பார். மற்ற மதத்துக்காரர்கள்கூடக் கை தட்டுவார்கள். நியாயம் எங்கள் பக்கம்தான் என்று என்னைத் தேற்றிக்கொள்ள அதைத் தேடி எடுத்தேன். லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம். இருந்தது. மனசு குளிர்ந்தது. நிறுத்தாமல் கீழே வாசித்துக்கொண்டு போனேன். சில வசனம் தள்ளி, நியாயம் விசாரிக்கிறபோது ஏழை என்று ஏழைப் பக்கம் சாயாதே, பெரியவன் என்று பெரியவன் முகமும் பார்க்காதே என்று இருந்தது. கதிரை எங்களுக்கு விட்டுவைத்த அதே ஆண்டவர், அதே அதிகாரத்தில், எனக்கு ரெண்டு பக்கமும் வழியை அடைத்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன்.

"அதுவரைக்கும் யாரு உன்னை வாசிக்கச் சொன்னா? நான் சொல்ற வசனத்தோட நிறுத்த வேண்டியதுதானே?" என்று கத்தினார். அப்புறம் வேதத்தை வாங்கித் தானே வாசித்தார். மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் செல்வராசு கண் விழித்தான். டாக்டரே நம்பிக்கை விட்டிருந்த பிள்ளை. என்னைப் பார்த்து, "அண்ணி, நெல்லை அள்ளிட்டீங்களா?" என்றான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் விளக்குமாறு எடுத்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. எவ்வளவு கேட்டும் இல்லை. நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு என் வழியை அடைத்துவிட்டீரே என்று அழுதேன். அழுது முடித்தபோது என் ஜெபம் மாறியிருந்தது. இனி தப்பிக்க வைக்கும்படி கேட்கவில்லை. "எனக்கு வாயைக் கொடும்" என்று மட்டும் கேட்டேன்.

ஸ்டேஷனில் ரெண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்விக்கு எனக்குக் குரலே வரவில்லை.

"என்னய்யா, இந்தம்மா ஊமையா?"

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர், "பேசும் சார். வூட்ல நல்லாவே பேசும்" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் தொண்டை திறந்தது.

"அவரு அடிக்கலைங்க. வைதாரு, அவ்வளவுதான். இவன் பின்னால போயி கயிறு தட்டி விழுந்தான். தலையில துண்டைக் கட்டினதே அவருதான். எங்க ஆளும் திருடலைங்க. களம் கூட்டுற நெல்லு கூலியாளுக்குத்தான். காரியக்காரருக்கும் அது தெரியும்."

"உங்க ஆளுங்களே அடிச்சாருங்கிறாங்களே?"

"அவங்க யாரும் அங்க இல்லைங்க. நான்தான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் காரியக்காரரைப் பார்த்தார். மிராசுதாரின் மகன் பக்கத்திலேயே நின்றார். காரியக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. "துண்டு என்னதுதான் சார்" என்றார். பிறகு, "அவன் திருடல. அந்த நெல்லு அவங்களுக்குத்தான். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றார்.

ரெண்டு புகாரும் அங்கேயே விழுந்தன. அந்தப் பேச்சு எல்லோர் காதிலும் விழுந்துவிட்டதால், அடுத்த அறுவடையில் களத்து நெல்லை யாராலும் தடுக்க முடியவில்லை. காரியக்காரருக்கு வேலை போயிற்று. எனக்கும் லேசாக இல்லை. ஒரு போகம் முழுக்க யாரும் என்னை நடவுக்குக் கூப்பிடவில்லை. "காரியக்காரர் சாட்சி வருது, வழி விடுங்கடி" என்பார்கள். என் வீட்டுக்காரரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "இந்தா" என்றே கூப்பிட்டார். ஒருநாள் குழாயடியில் அந்தப் பேச்சு அவர் காதிலேயே விழுந்தது. நின்றார். "காரியக்காரருக்கு இல்ல. கண்ணால பாத்ததுக்குச் சாட்சி. போங்க, வேலையைப் பாருங்க" என்றார். அன்று நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

குடிசையைப் பிரிக்க யாரும் வரவில்லை. பிறகு மனைப் பட்டாவும் வந்தது. அது சர்க்கார் சட்டத்தால் வந்தது; என் ஜெபத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். என் ஜெபத்துக்கு வந்த பதில் அந்த ஸ்டேஷனில் என் வாயில் வந்தது. செல்வராசுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

என் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் எனக்கு வேண்டிய வசனத்தோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம் போய்விட்டது. அடுத்த வசனத்தையும் வாசிக்கிறேன், அது எனக்கு விரோதமாக இருந்தாலும். அருமையானவர்களே, உங்களில் யாராவது ரெண்டு பக்கமும் பொய்யையே சொல்லச் சொல்கிற இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். தப்பிக்கும் வழியைக் கேளுங்கள், தப்பில்லை. அவர் அதைக் கொடுக்காவிட்டால் கைவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வாயைக் கேளுங்கள். என்னைப் போன்றவளுக்கே கொடுத்தார்.