பதினெட்டாம் எண் கல்

பஸ்ராவுக்கு வடக்கே ஓர் எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் ஜாசிப் இருபத்தாறு ஆண்டுகள் பாறைகளை அளந்தார். கிணற்றடிப் பாறையை விரல் நீள உருளையாக வெட்டுவார். ரப்பர் உறைக்குள் இறுக்கி ஒரு முனையில் வாயுவைச் செலுத்துவார். மறுமுனையில் வருவதை வைத்து, அந்தப் பாறை எண்ணெயை விடுமா விடாதா என்று சொல்லிவிடுவார். போரில் இடது காது போனதால், கசிவுச் சத்தம் கேட்கத் தலையைச் சாய்த்தே நிற்பார். மகள் ரபாபின் பெயரால் ஊரார் அவரை அபூ ரபாப் என்பார்கள்.

பதினெட்டாம் எண் கல்லை அளந்தவன் அவருடைய உதவியாளன் லஃப்தா. வாயு விடும் அளவு நானூறு வந்தது, சல்லடைக்குச் சமம். தாளை ஜாசிப்பிடம் காட்டாமல், அன்று மாலையே தன் தாய்மாமன் ஷேக் மத்லூலிடம் எண்ணைச் சொன்னான். அந்த எண் நின்றால் அடுத்த கிணறு வரவிருந்த பேரீச்சந்தோப்பு பக்கத்துக் குலத்தாருடையது. நிலம் யாருடையதோ, கிணற்று வேலையெல்லாம் அவர்களுக்கு. மூன்றாம் நாள் மத்லூலின் ஆட்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு தோப்புக்குள் இறங்கினார்கள். எதிர்ப்பக்கம் நான்கு பேர் செத்தார்கள். இந்தப் பக்கம் மத்லூலின் மூத்த மகன்.

பிறகுதான் தாள் ஜாசிப்பின் கைக்கு வந்தது. கல்லின் துளைப்பங்கு நூற்றுக்கு ஐந்து. இவ்வளவு துளை குறைந்த கல் எப்படி இவ்வளவு வாயுவை விடும்? உறையின் அழுத்தத்தை ஏற்றி ஏற்றி அளந்தார். நானூறு நாற்பதானது. நாற்பது நாலானது. அழுத்தினால் இப்படி மூடிக்கொள்வது துளையல்ல, விரிசல். வெட்டும்போது விழுந்த விரிசல்.

'அளவு செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன்பே மத்லூல் வந்துவிட்டார். நான்கு துப்பாக்கிகள். பின்னால் லஃப்தா.

"அபூ ரபாப், என் மகனப் பொதைச்சு ஒன்பது நாளாச்சு. நானூறுன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயி மீன் சாப்பிடு."

"கல்லு உடைஞ்சிருக்கு, ஷேக்."

"உன் மண்டையும் உடையும்!"

"இந்தப் பக்கம் காது கேக்காது. அந்தப் பக்கம் வந்து மிரட்டுங்க."

துப்பாக்கிக் கட்டை வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் மேசையில் விழுந்தன.

"மாமா, போதும்!" என்றான் லஃப்தா.

"வாய மூடுடா."

ஜாசிப்பின் வலது கையை மேசையோரத்து இரும்பு இடுக்கியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார்கள். விரலெலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன.

"எழுதுறியா?"

"எந்தக் கையால, ஷேக்?"

மேசையில் ரத்தம் தேங்கியிருந்தது. ஜாசிப் இடது கையால் கல்லை எடுத்து அதில் புரட்டினார். சட்டை நுனியால் துடைத்தார். கல் பழையபடி வெளுத்தது. நீளவாக்கில் ஒரே ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றது, மயிரிழை போல.

"கல்லு குடிக்கல, பாருங்க. உங்க நானூறு இந்தக் கோடுதான்."

மத்லூல் கல்லை வாங்கிப் பார்த்தார். நகத்தால் கோட்டைச் சுரண்டினார். பிறகு மெல்ல லஃப்தாவின் பக்கம் திரும்பினார். கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"இதுக்காடா என் புள்ள செத்தான்?"

"அவன் என்னக் கேட்டுத்தான் சொன்னான்," என்றார் ஜாசிப். "சரின்னு சொன்னது நான்."

லஃப்தா சுவரோரமாக ஒதுங்கினான்.

இரண்டு குண்டுகள். இரண்டும் ஜாசிப்பின் நெஞ்சில்.

கிணறு தோண்டப்படவில்லை. கல் இப்போது மகள் ரபாபிடம் இருக்கிறது. கோடு பழுப்பாகிவிட்டது. கழுவினாலும் போவதில்லை.