வண்டியின் வால் இன்னும் கோட்டுக்கு உள்ளே

என் தம்பி தெய்ஜிக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வயதிலிருந்து ஹதகேயாமா முதலாளியின் பண்ணையில்தான் வேலை. நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் வடக்குத் தீவின் ஒபிஹிரோ வட்டாரத்தில் அவனைப் போலக் குதிரைக்குட்டி வளர்ப்பவர் இல்லை. தாயை இழந்த யுகிமாருவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்டி ஆளாக்கியவன் அவன். அது ஒரு டன் எடைக்கு வளர்ந்து, பாரம் இழுக்கும் பந்தயத்துக்குப் போனது. நான்கு வருடத்தில் இரண்டே வெற்றி.

இந்த மார்ச்சில் முதலாளி அவனைக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னார். சீசனின் கடைசி ஞாயிறு யுகிமாரு முதலாவதாக வந்தால் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை தெற்கே போகும் லாரி. தெற்கே என்றால் இறைச்சிக்கு. முதலாளி கெட்டவர் அல்ல. தோற்கிற குதிரையும் ஜெயிக்கிற குதிரை அளவுக்குத் தின்கிறது.

தெய்ஜி அதுவரை பந்தயத் திடலில் கால் வைத்ததில்லை. தான் வளர்த்ததை இன்னொருவன் வாரால் அடிப்பதைப் பார்க்க முடியாது என்பான். அந்த ஞாயிறு மட்டும், "நீயும் வாக்கா, தனியா என்னால நிக்க முடியாது" என்றான்.

பத்து நாற்பது பஸ்ஸில் போனோம். யுகிமாருவின் பந்தயம் எட்டாவது. அதுவரை கை சும்மா இருக்க மாட்டாமல், வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்தயச் சீட்டு வாங்கினான். எந்தக் குதிரைக்குக் கண் சாந்தமாக இருக்கிறதோ அதற்கே கட்டினான். தினமும் அங்கே வருகிற ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணைப் பாத்துக் கட்டுறியே, பொண்ணு பாக்க வந்தியாப்பா?"

"கண்ணு நல்லாருந்தா மனசு நல்லாருக்கும், பெரியவரே."

"மனசா வண்டி இழுக்குது? பின்பக்கத்தைப் பாரு."

ஏழு பந்தயத்திலும் தோற்றான். ஒவ்வொரு தடவையும் சிரித்தான். பன்றிக்கறிச் சோறு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு என் கிண்ணத்தில் பாதியையும் சாப்பிட்டான். அவன் அப்படிச் சிரித்து நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான்.

இரண்டு நாற்பதுக்கு யுகிமாரு வந்தது. பின்னால் அறுநூற்று ஐம்பது கிலோ ஏற்றிய சறுக்குவண்டி, அதன்மேல் ஜாக்கி. குதிரைகள் நடக்கும் வேகத்தில்தான் போகும் என்பதால் நாங்களும் கம்பியோரமாகக் கூடவே நடந்தோம். பாதையில் இரண்டு மண்மேடுகள். முதல் மேட்டை எல்லாக் குதிரைகளும் தாண்டின. இரண்டாவது மேட்டின் உச்சியில் யுகிமாரு முன்முழங்காலில் விழுந்தது. தெய்ஜி கம்பியைப் பிடித்துக்கொண்டான். தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அது எழுந்தது. எழுந்து, மற்றவை மேட்டில் திணறிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, தனியாக முடிவுக்கோட்டை நோக்கி வந்தது. மூக்கு கோட்டைத் தாண்டியது.

அப்போது தெய்ஜி, சாயங்காலம் தீவன வாளியோடு நின்று கூப்பிடுவானே, அந்தக் குரலில், "ஓ...ய், யுகி" என்று நீட்டிக் கூப்பிட்டான்.

யுகிமாரு நின்றது. காது எங்கள் பக்கம் திரும்பியது, பிறகு தலையும் திரும்பியது.

எங்கள் ஊர்ப் பந்தயத்தில் மூக்கு தாண்டினால் போதாது. வண்டியின் வால்முனையும் தாண்ட வேண்டும். ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். சந்தோஷத்தில் தெய்ஜிக்கு மறந்துவிட்டது. வண்டியில் முக்கால்வாசி இன்னும் உள்ளேயே கிடந்தது. ஜாக்கி வாரால் அடித்தான். சாம்பல் நிறக் குதிரை ஒன்று வண்டியோடு முழுதாகத் தாண்டிப் போனது. இன்னொன்றும் போனது. யுகிமாரு மூன்றாவது.

"கடைசில மூச்சு போயிடுச்சு, பாவம்" என்றார் பெரியவர். தெய்ஜி லாயத்தை நோக்கி நடந்தான்.

லாயத்துப் பக்கம் முதலாளி நின்றிருந்தார். அவரும் குதிரைக்குத் தெம்பு இல்லை என்றுதான் நினைத்திருந்தார். தெய்ஜி வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் தம்பி அப்படிப்பட்டவன் அல்ல.

"நான் கூப்பிட்டேன், முதலாளி. அதான் நின்னான். அவன்மேல தப்பில்ல. இன்னும் ஒரே ஒரு தடவை ஓட விடுங்க."

"சீசன் முடிஞ்சுபோச்சு, தெய்ஜி. லாரிக்குச் சொல்லியாச்சு."

தெய்ஜி மரத்தூள் தரையில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். நானும் அவனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுந்திரு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்றார்.

வெகுநேரம் கழித்து எழுந்தவன், "அப்ப நானும் லாரியில போறேன்" என்றான்.

திங்கட்கிழமை ஆறு பதினைந்துக்கு லாரி கிளம்பியது. எட்டுச் சோற்றுருண்டை கட்டிக் கொடுத்தேன். டிரைவரின் பக்கத்தில் இடமிருந்தும் அவன் பின்னால், குதிரையோடு ஏறிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கப்பல்துறையிலிருந்து போன் செய்தான். யுகி தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டேன்.

"என் கையால குடுத்தா குடிக்கிறான்." பிறகு, "போய்ச் சேர இன்னும் ரெண்டு நாள் இருக்குக்கா" என்றான்.