அண்ணியின் அப்பளப் பெட்டியில் முட்டை

பசியாறிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இதை வெறும் வயிற்றோடு படித்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ரிங்லெட் என்கிற மலை ஊரிலிருந்து கொஞ்சம் மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் என் அண்ணி சரோஜாவின் வீடு. பனி சமையல்கட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. அங்கே மூன்று பேர். வலக்கையில் மாவுக்கட்டோடு அண்ணி. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் குமரன். அப்புறம், எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் நான்.

அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. அண்ணி இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். மழையில் சரிவில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்து, இப்போது டாக்டர் கொடுத்த எம்.சி. லீவு. கட்டுப் பிரித்ததும் வேலைக்குப் போவேன் என்கிறார் அவர். வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்கிறான் மகன். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அப்புறம் திரும்பி வர இடம் ஏது?

முதல் நாள், அதாவது சனிக்கிழமை, இதே சமையல்கட்டில்தான் சண்டை.

"ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு எப்படிம்மா ஆக்கித் திம்ப? குவாலிச் சட்டியத் தூக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரங்க எத்தன நாளைக்குத்தான் கொண்டாந்து குடுப்பாங்க?"

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. லயத்துச் சனங்கள் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். ஒருநாள் இட்லி, ஒருநாள் நாசி லெமாக். ஆனால் காலம் பூராவும் அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பியவருக்கு, வாங்கிச் சாப்பிடுவது தொண்டையில் இறங்கவில்லை. உதவி பெறுவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாராவது நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா?

"நாளைக்குக் காலையில பசியாறுறதுக்கு நானே செய்யிறேன். உனக்கும் உங்க அத்தைக்கும் சேத்து. ரெண்டு பேரும் ஒண்ணையும் தொடக்கூடாது. முடியலன்னா பேசாம உன் காடியில ஏறி உன்னோடயே வந்துடுறேன். முடிஞ்சிச்சின்னா, நீ இந்தப் பேச்ச விட்டுறணும்."

"சரிம்மா," என்றான் குமரன். அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை! அன்று சாயங்காலமே அம்மாவின் துணிமணிகளைப் பையில் போட்டுக் காரில் ஏற்றிவிட்டான்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "அண்ணி, உங்க டோஸ்டர் ஓவன் இருக்கே! உருளைக்கிழங்கும் முட்டையும் வெச்சா போதும். நான் தினமும் அதத்தான செய்யிறேன்," என்றேன்.

"எது... அந்த அப்பளப் பெட்டியா?"

ஆமாம், அப்பளப் பெட்டி. தோட்டத்துத் தீபாவளி விருந்தில் லக்கி டிராவில் விழுந்த ஓவன் அது. இந்தக் குளிரில் அப்பளத்தை வெளியே வைத்தால் மறுநாளே துவண்டுவிடும். ஓவன் கதவோ இறுக்கமாக மூடும். ஆகவே உள்ளே அப்பளம், பிஸ்கட், நெத்திலி! பிளக்கைச் செருகியதே இல்லை. கதவின் முக்கால்வாசியை மறைக்கும் கம்பெனி ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடுமாம். நம்மவர்கள் வீட்டில் புதுச் சாமான் கிட்டத்தட்ட சாமி மாதிரி... துடைக்கலாம், கும்பிடலாம், வேலை மட்டும் வாங்கக்கூடாது.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. உள்ளே இருந்த பிஸ்கட்டையும் நெத்திலியையும் இடக்கையால் எடுத்து வெளியே வைத்தார் அண்ணி. ஓவன் சூடாகட்டும் என்று பிளக்கைச் செருகிக் குமிழைத் திருகினார். ரைஸ் குக்கரில் முந்தின இரவே தானே வேகவைத்த சின்னச் சின்ன உருளைக்கிழங்குகளை ஓவன் தட்டில் பரப்பி, எவர்சில்வர் டம்ளரின் அடியால் ஒவ்வொன்றாக அமுக்கினார். தோல் உரிக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை. பொத்தென்று தட்டையாயின. மேலே எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

அப்போதுதான் அந்த வாசனை.

"ஏதோ கருகுது!" என்று எழுந்தான் குமரன். ஓவனின் இடுக்கிலிருந்து புகை. யோசனை சொன்னவள் நான் அல்லவா? வீட்டைக் கொளுத்திய நாத்தனார் என்றல்லவா ஊர் பேசும்!

பிளக்கைப் பிடுங்க அவன் கையை நீட்டினான்.

"கைய எடுறா!"

அந்த அதட்டலில் நானும் சேர்ந்து இரண்டடி பின்னால் போனேன்.

இடக்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அண்ணி கதவைத் திறந்தார். அடித்தட்டில், பின்பக்கமாக, எடுக்க மறந்த அப்பளங்கள்! ஓரத்தில் கிடந்த ஒன்று மட்டும் கரியாகி இருந்தது. மற்றவை எங்கள் கண்ணெதிரே உப்பின. ஒன்று மெல்ல முதுகை வளைத்தது. இன்னொன்று குமிழ் குமிழாகக் கிளம்பியது. எண்ணெய் இல்லை, சட்டி இல்லை, கரண்டி இல்லை. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். எத்தனை ஆயிரம் அப்பளம் தின்றிருப்பேன்! ஒன்று உயிர் பெற்று எழுவதை அன்றுதான் பார்த்தேன்.

"யம்மாடி! தானா பொரியுது லா!" என்றார் அண்ணி. கருகியதைத் தூக்கிப் போட்டார், மிச்சத்தை வேறொரு தட்டில் அடுக்கினார். "தொட்டுக்க ஆச்சு."

உருளைக்கிழங்கு உள்ளே போனது. ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுத்ததும் தட்டை வெளியே இழுத்து, டம்ளரால் கிழங்கை ஒதுக்கி மூன்று குழி பறித்தார்.

இனி முட்டை. ஒற்றைக் கை. அதுவும் இடக்கை. எனக்கு வலக்கையாலேயே ஓடு உள்ளே விழும். குமரன் நகத்தைக் கடித்தான். பாவம், அவன் ஜெயிக்க நினைத்தானா தோற்க நினைத்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. அண்ணி தட்டின் விளிம்பில் ஒரே தட்டு... கட்டைவிரலால் பிரித்தார். மஞ்சள் கரு உடையாமல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் துளி ஓடு விழுந்தது. விரலால் எடுத்துச் சுண்டிவிட்டு, "அது உங்க அத்தைக்கு," என்றார். தட்டு மறுபடி ஓவனுக்குள் போனது.

பிறகு மூவரும் தரையில் குந்தி, ஸ்டிக்கருக்குக் கீழே தெரிந்த துண்டுக் கண்ணாடி வழியாகத் தலையோடு தலை இடித்துக்கொண்டு பார்த்தோம். ஆரஞ்சு வெளிச்சத்தில் முட்டை நடுங்கியது. விளிம்பு வெளுத்தது. வெள்ளை பரவிப் பரவி மஞ்சளை மூடியது. தினமும் இதைச் செய்கிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறேனா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்த்தூள் என்று சமாளித்தேன்.

குமரன் அப்பளத்தை நொறுக்கி, மஞ்சள் கருவில் தொட்டுத் தொட்டுத் தட்டை வழித்தான். கை கழுவிவிட்டு வெளியே போனான். கார் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. துணிப் பையோடு உள்ளே வந்து, அதைக் கட்டிலில் வைத்தான்.

"கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன். தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிடாதம்மா."

"வா. அன்னிக்கு ரெண்டு கையால ஆக்கிப் போடுறேன்."

ஏதாவது செய்தாக வேண்டும் போல அவன் ஓவன் பக்கம் திரும்பினான். "ஆறிடுச்சி. இந்த ஸ்டிக்கரயாவது நான் உரிச்சி விடவா?"

"நீ போடா. என் ஓவனு."

நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, இடக்கையால் ஒரே இழுப்பு. துளி கிழியாமல் முழுசாக வந்தது.

என் வீட்டு ஓவனில் பாதி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது... நான் இரண்டு கையாலும் உரித்தேன்!